நாதஸ்வரம் உசத்தி, உறுமி மட்டமா? கோயில் இசையின் கதை கொஞ்சம்



சித்ரா பௌர்ணமி வந்தாலே தெலுக் இந்தானில் எல்லாருக்கும் கைகால் பரபரக்கும். இந்த வருடம் நம் கோயில் புலனக் குழுவில் பரபரப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. நம் பிள்ளைகளின் உறுமி மேளம் காவடி ஊர்வலத்தில் வேண்டுமா, வேண்டாமா என்ற பேச்சைப் படித்திருப்பீர்கள். "கோயிலுக்கு நாதஸ்வரம் போதும், உறுமி எல்லாம் ரோட்டுக்கு" என்றார் ஒருவர். "ரசனை உள்ளவங்க காதுல அது ஏறாது" என்றார் இன்னொருவர். பிள்ளைகளில் ஏழு பேர் பதில் சொல்லாமல் குழுவை விட்டே போய்விட்டார்கள். நம் கோயிலில் தண்ணீர்ப் பந்தல் போடுவதும் தேர் தள்ளுவதும் இந்த ஏழு பேர்தான் என்பதை முதலில் சொல்லிக்கொள்கிறோம்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்களில் யாரும் சங்கீதம் படித்தவர்கள் இல்லை. பெரும்பாலும் எஸ்பிஎம் முடித்துவிட்டு தொழிற்சாலைக்குப் போனவர்கள். ஆனால் எது கோயில் இசை, எது இல்லை என்று இவ்வளவு உறுதியாகப் பேசுகிறோமே, அதற்குப் பின்னால் என்ன சரித்திரம் இருக்கிறது என்று கொஞ்சம் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் நாதஸ்வரத்தையே எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு மங்கல வாத்தியம், ராஜ வாத்தியம் என்று சொல்கிறோம், சரிதான். ஆனால் அதை வாசித்தவர்களை எப்படி வைத்திருந்தார்கள்? தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய மிராசுதார் வீட்டுக் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் சட்டை போடக் கூடாது, துண்டை இடுப்பில் கட்ட வேண்டும். ஊர்வலத்தில் எத்தனை மைல் ஆனாலும் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். கச்சேரி மேடையில் பாடுகிறவருக்கு இருந்த மரியாதை இவருக்கு இல்லை. வாசிக்கிற ராகம் அதே ராகம், தாளம் அதே தாளம். வாசிக்கிறவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் வேறு.

திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) அதை உடைத்தார். கிராப் வைத்துக்கொண்டார், கோட்டு போட்டார், மேடையில் உட்கார்ந்து வாசித்தார், ஒத்துக்குப் பதிலாகத் தம்புரா வைத்தார். திமிர் பிடித்தவர் என்று ஏசினார்கள். அந்தத் திமிர் இல்லாவிட்டால் இன்றைக்கு நாம் 'நாதஸ்வரம் உசத்தி' என்று வாயால் சொல்லியிருக்க மாட்டோம். இப்போது உறுமியை மட்டம் என்று சொல்கிறவர்கள், நூறு வருடத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் பிறந்திருந்தால் நாதஸ்வரக்காரரையும் வாசலில்தான் நிற்க வைத்திருப்பார்களோ என்று எங்களுக்கு ஒரு சந்தேகம்.

அடுத்து வயலின். கர்நாடக சங்கீதக் கச்சேரியில் பக்கவாத்தியம் என்றால் முதலில் நினைவுக்கு வருவதே அதுதான். அது வெள்ளைக்காரன் கருவி. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு நம் இசைக்குக் கொண்டுவந்தார். தீட்சிதர் குடும்பம் அப்போது சென்னை அருகே மணலியில் இருந்தது. அங்கே கோட்டையில் கம்பெனிப் பட்டாளத்தின் பேண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது.

இப்போது கவனியுங்கள். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரே அந்தப் பேண்டு மெட்டுகளை எடுத்து, அதற்கு சமஸ்கிருதத்தில் சாமி பாட்டு எழுதினார். 'நோட்டுஸ்வரம்' என்று பெயர். கிட்டத்தட்ட நாற்பது இருக்கிறதாம். அதில் ஒன்று, ஆங்கிலேயர் தங்கள் ராஜாவை வாழ்த்திப் பாடும் தேசிய கீதத்தின் மெட்டிலேயே இருக்கிறது. சினிமா மெட்டில் முருகன் பாட்டு எழுதினால் நாம் குதிக்கிறோம். அவர் பட்டாளத்து பேண்டு மெட்டில் அம்பாள் பாட்டு எழுதியிருக்கிறார். குழந்தைகளுக்கு இன்றும் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஏனென்றால் கேட்டதும் பிடித்துவிடுகிறது.

கேட்டதும் பிடிப்பது ஒரு குற்றம் மாதிரி சில பேர் பேசுகிறார்கள். எல்லாருக்கும் பிடித்தால் அது மட்டமாகத்தான் இருக்கும் என்று ஒரு கணக்கு. இந்தக் கணக்கு பழசு. மாயவரத்தில் இது ஒரு தடவை தோற்ற கதை உ.வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். எங்களுக்கு ரொம்பப் பிடித்த கதை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனையாகப் பாடினார். சேரியில் பிறந்த ஒரு பக்தர் சிதம்பரம் போக ஏங்கிய கதை. அச்சாவதற்கு முன்பே அது ஊர் ஊராகப் பரவிவிட்டது. காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரி கேட்டு மயங்கி, அதை அச்சில் கொண்டுவர உதவினார். 1861-62 வாக்கில் புத்தகம் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு புத்தகத்துக்குப் பெரிய புலவரின் சிறப்புப் பாயிரம் வேண்டும். அப்போது தமிழில் பெரிய புலவர் யார்? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பாரதியார் அவரிடம் போனார். பிள்ளைக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்கவில்லை. இலக்கணப் பிழை நிறைய இருக்கிறது, கொச்சைப் பேச்சு இருக்கிறது, பெரிய புராணத்தில் இல்லாத சம்பவமெல்லாம் இருக்கிறது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லாமல் தட்டிக் கழித்தார். பாரதியார் மறுபடியும் மறுபடியும் வந்தார். ஒருநாள் பிள்ளை உள்ளே ஓய்வாக இருக்க, பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து தனக்குத்தானே பாட ஆரம்பித்தார். உள்ளே இருந்து கேட்ட பிள்ளை உருகிவிட்டார். வெளியே வந்து பாயிரம் கொடுத்தார்.

பிள்ளை சொன்ன பிழை பொய் இல்லை. பிழை இருந்தது. ஆனால் பாட்டு அந்தப் பிழைக்குள் அடங்கவில்லை. இதில் ஒரு சின்ன விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். உ.வே.சா. சின்ன வயதில் அதே பாரதியாரிடம் சங்கீதம் கற்றுக்கொண்டிருந்தார். தன் குரு பிள்ளைக்கு அது பிடிக்காது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார். பெரியவர்கள் முகம் சுளித்தால் ஒரு பையன் எதை விட்டுவிடுவான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

காவடிக்கு வருவோம். காவடிச் சிந்து என்று பாடுகிறோமே, அது சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் எழுதியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. சிறு வயதிலேயே போய்விட்டார், பாவம். அவரை ஆதரித்த ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்தபோது வழிநடையாகப் பாடுவதற்காகப் பிறந்தது. சிந்து என்பது புலவர்கள் உசத்தியாக மதித்த பாவகை இல்லை. சாதாரண ஜனங்கள் பாடியது. தோளில் பாரம் வைத்துக்கொண்டு வெயிலில் நடக்கிறவனுக்குக் கால் எடுத்து வைக்க ஒரு தாளம் வேண்டும். அதைக் கொடுக்கத் தெரிந்தவர்கள் ஜனங்கள்தான். இன்றைக்கு அதே காவடிச் சிந்து கர்நாடகக் கச்சேரியில் கடைசியில் பாடப்படுகிறது, சபாவில் எல்லாரும் தாளம் போடுகிறார்கள். அதே வேலையை நம் ஊரில் செய்வது உறுமி. ஆனால் அதை மட்டும் ரோட்டு வாத்தியம் என்கிறோம்.

உறுமியைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. இருந்தாலும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். இரண்டு பக்கமும் தோல், நடுவே ஒடுங்கிய மத்தளம். ஒரு பக்கம் குச்சியால் அடிப்பது. இன்னொரு பக்கம் வளைந்த குச்சியால் தேய்ப்பது. அந்தத் தேய்ப்பில் புலி உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், அதனால்தான் இந்தப் பெயர். தமிழ்நாட்டில் கம்பளத்து நாயக்கர்கள் ஆடும் தேவராட்டத்துக்கு இதைத்தான் வாசிக்கிறார்கள், அங்கே இதன் பெயர் தேவதுந்துபி. பெயரைப் பாருங்கள், தேவர்களின் மேளம். கடல் தாண்டி வந்ததும் ரவுடி மேளம் ஆகிவிட்டது.

அதற்கு முன்னால் இன்னும் பின்னே போகலாம். காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டில் ஈசன் ஆடுவதைப் பாடியபோது, அங்கே ஒலித்த வாத்தியங்களை வரிசையாகச் சொல்கிறார். தக்கை, துந்துபி, மத்தளம், தமருகம், குடமுழா, மொந்தை... வீணையும் இருக்கிறது, ஆனால் கூட்டம் எல்லாம் தோல் கருவிகள்தான். ஆடுகிற இடமோ சுடுகாடு. அங்கே ஈசனுக்குக் காது வலித்ததாக அம்மையார் சொல்லவில்லை.

பெரிய புராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் கதை எல்லாருக்கும் தெரியும். மதுரைக் கோயிலுக்கு வெளியே நின்று யாழ் வாசித்தார், பாணர் குலம் என்பதால். ஈசனே அடியார்கள் கனவில் வந்து அவரை உள்ளே அழைத்துவரச் சொன்னார். உள்ளே வந்ததும், தரையின் ஈரம் பட்டு யாழ் கெட்டுவிடும், பலகை போடுங்கள் என்றார். பொற்பலகை போட்டார்கள். எங்களுக்கு இதில் அந்த ஈரம்தான் பிடிக்கிறது. வாசிக்கிறவருடைய குலத்தைப் பற்றிச் சாமிக்கு எந்தக் கவலையும் இல்லை. கருவி கெட்டுப்போகக் கூடாது என்றுதான் கவலை.

சரி, நம் ஊருக்கு வருவோம். தெலுக் இந்தான், 1982 வரை தெலுக் ஆன்சன். பேராக் ஆற்றுத் துறைமுகம், 1893இல் ரயில் வந்தது. நகரத்தில் செட்டியார்கள் வட்டிக்கடையும் தண்டாயுதபாணி கோயிலும் வைத்தார்கள். சுற்றிலும் தோட்டங்கள். ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஜெண்டராட்டா தொடங்கி எத்தனையோ. தோட்டத்துக்குள் மாரியம்மன், முனியாண்டி, மதுரைவீரன். நகரத்துக் கோயிலில் நாதஸ்வரம், தவில். தோட்டத்துக் கோயிலில் தப்பு, உறுமி, உடுக்கை, பம்பை. நாதஸ்வரக் கோஷ்டியை வரவழைக்க லயத்து மக்களிடம் காசு ஏது? வாசிக்கத் தெரிந்தவர் பால் வெட்டிவிட்டு வந்து வாசிப்பார். அவர்தான் காமன் கூத்துக்கும் வாசிப்பார், சாவுக்கும் வாசிப்பார். இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: தப்பு யார் அடிப்பது, சாமி யார் தூக்குவது என்பது தோட்டத்திலும் சாதி பார்த்துத்தான் நடந்தது. சத்தம் மட்டம் என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான். அதைப் பேசுகிறவர்களுக்கே இன்று அது எங்கிருந்து வந்தது என்று மறந்துபோயிருக்கலாம்.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். பறை அடிக்க மாட்டோம், அது எங்களை இழிவுபடுத்துகிறது என்று விட்டவர்களும் உண்டு. அதையே தலை நிமிர்ந்து மேடையில் அடித்தவர்களும் உண்டு. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2025இல் மதுரைப் பக்கம் அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசானுக்குப் பறையிசைக்காக இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ கொடுத்தது. அந்தச் செய்தியை நம் குழுவில் பெருமையாகப் பகிர்ந்தவர்களில் இரண்டு பேர்தான் இப்போது உறுமி வேண்டாம் என்கிறார்கள்! கோபிக்க வேண்டாம், அண்ணன்மார்களே, சும்மா சொன்னோம்.

1980, 90களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய் செம்பனை வந்தது, சில இடங்களில் தாமான் வந்தது. நம் ஜனங்கள் லயத்தை விட்டு நகரத்து ஓரத்துக்கு வந்தார்கள். கோயிலும் பெயர்ந்தது. நம் கோயிலும் அப்படி வந்ததுதான். அப்போது கூட வந்த சொத்து என்ன? அம்மன் சிலை, வேல், சூலம், அந்த மேளம். நகரத்துக்கு வந்த பிள்ளைகள் அந்த மேளத்தை எடுத்துக் குழுவாகச் சேர்ந்தார்கள், சீருடை தைத்தார்கள், குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை போனாலும் பினாங்கு போனாலும் ஈப்போ கல்லுமலை போனாலும் இன்றைக்கு இந்தச் சத்தம்தான். படிப்பில் பின்தங்கியவன், வேலையில் யாரும் மதிக்காதவன் என்று பெயர் வாங்கிய பையன் அங்கே போய் நின்று குச்சியைத் தேய்த்தால் ஆயிரம் பேர் அவன் தாளத்துக்குக் கால் வைக்கிறார்கள். எல்லாருக்கும் பிடித்த ஒன்றை நாமும் சேர்ந்து விரும்புவதில் ஒரு சுகம் இருக்கிறது. தனியாக உட்கார்ந்து நுணுக்கம் ரசிப்பதில் அது கிடைக்காது. காவடி எடுத்தவர்களைக் கேளுங்கள், கடைசி அரை மைல் எப்படி நடந்தார்கள் என்று.

இசை விஷயத்தில் அரசாங்கமே கௌரவம் பார்த்து ஏமாந்த கதையும் இருக்கிறது. அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தைத் தடை செய்தது. நம் இசைக்கு ஒத்துவராத மேல்நாட்டுக் கருவி என்று. 1971 வரை அந்தத் தடை. அத்தனை வருடமும் பஜனை மடங்களில் ஹார்மோனியம் இல்லாமல் இருந்ததா? பிறகு 1952இல் மந்திரியாக வந்த கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று வானொலியில் அதை ஒடுக்கினார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957இல் வேறு வழியில்லாமல் விவித்பாரதி ஆரம்பித்தார்கள்.

எல்.ஆர். ஈஸ்வரியை நினைத்துப் பாருங்கள். சினிமாவில் கிளப் டான்ஸ் பாட்டு என்றால் அவர்தான். அந்தப் பாட்டை வீட்டில் போட்டால் அடி விழும். அதே குரல் அம்மன் பாட்டு பாடியது. இன்றைக்கு ஆடி மாதம் அந்தக் குரல் இல்லாமல் கூழ் ஊற்றுகிற கோயில் மலேசியாவில் உண்டா? நம் ஈப்போவில் 'நட்சத்திரா' பையன்களும் அப்படித்தான். யோகி பி.யோடு சேர்ந்து 2006இல் 'வல்லவன்' என்று ராப் ஆல்பம் போட்டார்கள். தமிழில் ராப்பா என்று சிரித்தவர்கள் இங்கே இருந்தார்கள். இளையராஜாவின் 1980ஆம் வருடப் பாட்டு ஒன்றை எடுத்து அவர்கள் செய்ததைத் தமிழ்நாடே கேட்டது. அதற்குப் பிறகு 'நம்ம ஈப்போ பசங்க' ஆகிவிட்டார்கள்.

இவ்வளவும் சொன்னதால் நாங்கள் எல்லாவற்றையும் ஆதரிக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். வேண்டாம் என்றவர்கள் சொன்னதில் உண்மையான குறைகளும் இருக்கின்றன. காவடி முன்னால் காதல் பாட்டு, குத்துப் பாட்டு வாசிப்பது சரியில்லை. குடித்துவிட்டு வருவது, இரண்டு குழு எதிரெதிரே போட்டி போட்டு வழியை மறிப்பது, இதெல்லாம் நடந்திருக்கிறது. சிங்கப்பூரில் குழுக்களுக்குள் சண்டை வருகிறது, ஊர்வலம் தடைப்படுகிறது என்று 1973இல் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியங்களுக்கே தடை போட்டார்கள். 2016இல்தான் வழியில் மூன்று இடத்தில் நேரடி வாசிப்புக்கு அனுமதி வந்தது. நாற்பத்துமூன்று வருடம்! இரண்டு தலைமுறை வாத்தியம் இல்லாமல் ரோட்டில் காவடி எடுத்தது. நம் பிள்ளைகள் இதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

சத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. தொழிற்சாலையில் 85 டெசிபலுக்கு மேல் எட்டு மணி நேரம் யாரையும் வைத்திருக்கக் கூடாது என்று 2019 முதல் இந்த நாட்டில் விதி இருக்கிறது. எங்களில் பல பேர் காதை அடைத்துக்கொண்டு வேலை பார்க்கிறவர்கள்தான். கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் வருகிற இடத்தில் இதை யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் காதைக் கிழிப்பது பெரும்பாலும் உறுமி இல்லை, லாரியில் ஜெனரேட்டர் வைத்துக் கட்டிக்கொண்டு வரும் ஸ்பீக்கர் பெட்டி. அதில் போடுவது சில சமயம் நம் பெரியவர்கள் ஏற்பாடு செய்த பக்திப் பாட்டு.

பிள்ளைகள் ஏன் சினிமாப் பாட்டையே வாசிக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தோம். ஒரு பையன் சொன்னான்: "வேற பாட்டு யாரு அங்கிள் சொல்லிக் குடுத்தா?" பதில் வரவில்லை எங்களுக்கு. மாரியம்மன் தாலாட்டு முழுதாகத் தெரிந்த பாட்டி நம் தாமானில் இன்னும் இருக்கிறார். தோட்டத்தில் முனியாண்டிக்குப் படையல் போடும்போது என்ன அடி அடிப்பார்கள், கரகம் வரும்போது என்ன அடி, சாமி இறங்கும்போது எப்படி மாறும், இதெல்லாம் கையில் வைத்திருந்த பெரியவர்கள் எழுபது எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அந்தப் பையன் கைக்குப் போகவில்லை. போகாததால் அவன் போனில் கிடைத்ததை எடுத்துக்கொண்டான்.

அதனால் நிர்வாகத்திடம் பேசி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஊர்வலத்தில் நாதஸ்வரமும் வரும், உறுமியும் வரும். தேருக்கு முன்னால் நாதஸ்வரம், காவடிகளோடு உறுமி. சாமி பாட்டு மட்டும். லாரி ஸ்பீக்கர் கிடையாது. வரும் ஞாயிறு முதல் நான்கு ஞாயிறு, காலைப் பூஜை முடிந்து பத்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் உட்காருகிறோம். பழைய தோட்டத்துப் பாட்டு, தப்படி, உறுமியடி, தாலாட்டு, ஒப்பாரி, எது தெரிந்திருந்தாலும் வாருங்கள். பாதி மறந்திருந்தாலும் பரவாயில்லை, நான்கு பேர் சேர்ந்தால் மீதி வந்துவிடும். நடக்க முடியாத பெரியவர்களை அழைத்து வர நம்மிடம் இரண்டு கார் இருக்கிறது, முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் போனில் பதிவு செய்வார்கள். பசியாறல் கோயிலில். கொண்டைக்கடலையும் தேத்தண்ணீரும் உறுதி, இட்லி கிடைப்பது உபயதாரரைப் பொறுத்தது.